சுருட்டை இறக்கை

பழ ஈக்களை வளர்த்து ஆராய்கிற ஓர் அறையில் ஆறுமுகநயினார் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்த்தார். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஆனால் உருப்பெருக்கியில் கண்ணை வைத்தால், எள்ளளவு ஈயில் ஆண் எது பெண் எது என்று நொடியில் பிரித்துவிடுவார். கற்றுக்கொடுத்தவர் விஞ்ஞானி அங்கயற்கண்ணி. மற்றவர்களுக்கு அவர் மேடம். நயினாருக்கு மட்டும் டீச்சர். டீச்சருக்கு நயினாரைவிட நாலு வயது குறைவு.

அன்று காலை நயினார் ஒரு புட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"டீச்சர், பதினேழாம் நம்பர் போச்சு."

"போச்சுன்னா?"

"ஈ இருக்கு. நல்லாப் பறக்கு, திங்குது. ஆனா இருபது நாளாச்சு, ஒரு புழு இல்ல. புழு துளைக்காமத் தீனி அப்படியே கிடக்கு."

டீச்சர் புட்டியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சுருட்டை இறக்கை உள்ள ஈயெல்லாம் எங்க?"

"கழிச்சுட்டேன். போன மாசம்."

"ஏன்?"

"பாக்கச் சகிக்கல. நேர் இறக்கைப் பொட்டையா பொறுக்கி, வேற புட்டியில இருந்து நல்ல ஆண் ஈயைச் சேத்து விட்டேன். பிள்ளைங்க ராஜா மாதிரி பிறந்துச்சு டீச்சர். ஒண்ணுலகூடக் கோணல் இல்ல. கோணலை நான் வீட்டுலயே வச்சுக்கலையே."

மகன் முருகவேளைத்தான் சொல்கிறார் என்று டீச்சருக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன், நயினாரின் மனைவி உடல் கிடந்த கூடத்தில், சாதிசனம் முன்னால், "நீதான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமக் கொன்னே" என்று சொன்னவன் அவன். அன்றோடு நயினார் அவனைப் படியேற விடவில்லை.

டீச்சர் திட்டவில்லை. "அந்தத் தாய் ஈக்கள் உயிரோட இருக்கா?"

"பழைய புட்டியில நாலஞ்சு கிடக்கு."

"அதோட முட்டை கொஞ்சம் எடுங்க. வேற புட்டி முட்டையும் கொஞ்சம். ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாப்போம்."

அந்த இரண்டு மணி நேரத்துக்குள் நயினாரின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, வெள்ளிக்கிழமை பிள்ளைக்குக் காதுகுத்து. அண்ணன் மடியில வச்சுத்தான் குத்துவேன். தாய்மாமன் அவன்தானே."

"அவன் வந்தா நான் வரமாட்டேன்."

"நீங்க வரலைன்னா நான் குத்தவே மாட்டேன். பிள்ளை வெறுங்காதோட திரியட்டும்."

வைத்துவிட்டாள். நயினார் கை கழுவிவிட்டு உருப்பெருக்கிக்கு வந்தார்.

"இது வேற புட்டி ஈயோட முட்டை," என்றார் டீச்சர். "பின்முனையைப் பாருங்க."

"மணி மாதிரி ஏதோ ஒட்டிட்டிருக்கு."

"வித்துச் செல்கள். நாளைக்கு முட்டையோ விந்தோ ஆகிறது அது மட்டும்தான். இப்ப நீங்க பொறுக்கின தாயோட முட்டை."

நயினார் வெகுநேரம் பார்த்தார்.

"மணி இல்ல. மத்தபடி ஒரு குறையும் இல்லையே டீச்சர்."

"உடம்புக்குக் குறையில்ல. பறக்கும், திங்கும். அதோட சரி."

"என்ன இல்லாமப் போச்சு?"

"தாய் முட்டைக்குள்ள சில புரதங்களை வைக்குது. வைக்கும்போது அதுல சின்னதா ஒரு குறி போடணும். மெத்தில்னு பேரு. ஒரு கார்பன், மூணு ஹைட்ரஜன், அவ்வளவுதான். அந்தக் குறி இருந்தாத்தான் மத்த புரதங்கள் அதை அடையாளம் கண்டு பின்முனையில வந்து சேரும். சேர்ந்தாத்தான் அங்க வித்துச் செல். இந்த வம்சத்து நேர் இறக்கைப் பொட்டைக்குக் குறி போடத் தெரியாது."

"அப்ப சுருட்டைக்கு?"

"தெரியும். குறி போடுற மரபணு அதுகிட்டதான் இருந்துச்சு. அந்த மரபணு எந்த ஈயில இருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும்னுதான் அந்தச் சுருட்டையைக் கூடவே வச்சோம்."

நயினார் கண்ணை எடுத்தார்.

"வேற எங்கயாவது இருக்கா இந்த வம்சம்?"

"எஸ்தர்கிட்ட இருக்கு."

நயினாருக்குச் சுருக்கென்றது. எஸ்தர் ஒரு காலத்தில் டீச்சரின் தோழி. இருவரும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியைத் தன் பேரில் மட்டும் வெளியிட்டவள். ஒன்பது வருஷமாகப் பேச்சு இல்லை. அவள் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்தைக் குப்பையில் போடச் சொன்னார் டீச்சர். போட்டவர் நயினார். சந்தோஷமாகப் போட்டார்.

டீச்சர் தொலைபேசியை எடுத்தார்.

"எஸ்தர், நான் அங்கயற்கண்ணி பேசறேன்." மேசையில் இருந்த பதினேழாம் நம்பரைப் பார்த்தார். "எங்ககிட்ட இருந்த சுருட்டை அழிஞ்சுபோச்சு. உங்ககிட்ட இருந்து ஒரு குப்பி வேணும். ஆமா. நன்றி."

யார் அழித்தது என்று அவர் சொல்லவில்லை.

நயினாருக்கு முகம் சூடானது. "டீச்சர், அவகிட்டப் போயா? அவ செஞ்சதெல்லாம் மறந்துபோச்சா உங்களுக்கு?"

"மறக்கல."

"கோபம் போயிருச்சா?"

டீச்சர் ஒரு காலிப் புட்டியைக் கழுவப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"போகல நயினார். அது இருக்கட்டும். எனக்கு ஈ வேணும்."

நயினார் தொலைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டு, "வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குக் காதுகுத்து?" என்று கேட்டார்.