நஞ்சுண்டர் கொடுத்த கடைசிப் பாட்டில்

ஆனைமலை அடிவாரத்தில் ஒரு சைக்கிள் பந்தய அணி இருந்தது. இன்று இல்லை. அந்த அணியில் தண்ணீர் சுமந்தவர் நஞ்சுண்டர். அவருடைய கதையை நமக்குத் தெரிந்த மட்டில் இங்கே சொல்லுகிறோம்.

சைக்கிள் பந்தயம் என்றால் ஆளாளுக்கு முண்டியடித்துக்கொண்டு ஓட்டுவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சம்பளத்துக்கு ஓட்டுகிற அணியில் அப்படியில்லை. ஜெயிக்க வேண்டியவர் தலைவர் ஒருவர்தான். மற்றவர்கள் அவருக்காக உழைப்பவர்கள். ஒருவர் முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்குவார். தலைவரின் சக்கரம் பழுதானால் இன்னொருவர் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பார். எல்லாவற்றிலும் கீழான வேலை தண்ணீர் சுமப்பது. கூட்டத்தை விட்டுப் பின்தங்கி, பின்னால் வரும் அணியின் காருக்கு வந்து, பனியனுக்குள் முதுகிலும் வயிற்றிலும் பாட்டில்களைச் செருகிக்கொண்டு, அத்தனை பாரத்தோடு மறுபடியும் எல்லாரையும் எட்டிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அடுத்த நடைக்குக் காரை நோக்கித் திரும்ப வேண்டும். நஞ்சுண்டர் பத்து வருஷத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்தார். ஒரு பந்தயத்திலும் அவர் பெயர் பேப்பரில் வந்ததில்லை.

அணியினர் தங்கியிருந்த வாடகை வீட்டுக்கு எதிரே கரடு என்று சொல்லும் சிறு பாறைக்குன்று ஒன்று உண்டு. அதன் உச்சியில் கரட்டீசர் என்ற பெயரில் சிவனுக்கு ஒரு சிறிய கோயில். மேலே கிணறும் இல்லை, குழாயும் இல்லை. விடிந்ததும் நஞ்சுண்டர் அடிவாரத்து அடிகுழாயில் இரண்டு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, அந்தச் செங்குத்தான பாதையில் சைக்கிளை மிதித்தே ஏறுவார். ஒரு மிதிக்கு ஒருமுறை ஐந்தெழுத்தைச் சொல்லுவார். மேலே பூசை செய்யும் பண்டாரம் குப்பண்ணன் அந்தத் தண்ணீரை வாங்கிக் கரட்டீசரின் தலையில் ஊற்றுவார். நஞ்சுண்டர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார். இது வேண்டும் அது வேண்டும் என்று அவர் கேட்டு யாரும் பார்த்ததில்லை.

அணிப் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் தண்ணி லாரி.

“டேய், லாரி வந்துருச்சு, குடத்த எடுங்கடா!” என்பான் ஒருவன்.

“ஏனுங்ணா, சாமிக்கு மட்டும் ரெண்டு பாட்டிலு, எனக்கு ஒண்ணுதானா?” என்பான் பிரதாப். அவன்தான் அணியின் தலைவன், மலையேற்றத்தில் கெட்டிக்காரன்.

“சாமி உன்னையாட்டம் பாதி குடிச்சுப்போட்டு வீசறதில்லீங் தம்பி” என்று சிரிப்பார் நஞ்சுண்டர். கேலி அவரைத் தொட்டதில்லை. அந்த அணி அவருக்குக் குடும்பம். அவருக்கு வேறு குடும்பம் இல்லை.

பனியனில் தன் பெயரைப் போட்டுச் சம்பளம் கொடுத்துவந்த பம்பு கம்பெனி, ஒரு வருஷம் தையில் கையை விரித்துவிட்டது. மேனேஜர் நாச்சிமுத்து கழுத்தில் டை கட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். நூல் மில்லில் உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பினார்கள். நகைக்கடையில், “கிரிக்கெட்டுன்னா பாக்கலாமுங்க. சைக்கிள யாருங்க பாக்கறாங்க?” என்றார்கள். மாசியில் சம்பளம் நின்றது. பங்குனியில் சமையல்காரம்மா நின்றார். நஞ்சுண்டரே அரிசி பருப்பைப் பொங்கி எல்லாருக்கும் போட்டார். வைகாசி பிறப்பதற்குள் புதிய ஆதரவாளர் கிடைக்காவிட்டால் அணியைக் கலைத்துவிடுவது என்று முடிவாயிற்று.

சித்திரையில் ஒரே ஒரு வாசல் திறந்தது. ஒரு பால் கம்பெனியின் முதலாளி மலைப் பந்தயத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார். “உங்க பையன் மொதலாளா வந்து என் கையில மாலை வாங்கட்டும். அங்கயே கையெழுத்துப் போடறேன்” என்றாராம்.

பந்தயத்தன்று வெயில் தீயாக இருந்தது. நாச்சிமுத்து நஞ்சுண்டரைத் தனியே அழைத்தார். “நஞ்சுண்டா, கடைசி அஞ்சு வளைவுல கார்லிருந்து தண்ணி குடுக்கக் கூடாதுங்கறது விதி. உன்ற முதுகுல இருக்கறதுதான் பிரதாப்புக்கு. அவன் கேக்கறப்ப கையில இருக்கோணும். நம்ம எல்லாத்துக்கும் சோறு அதுலதான் இருக்குது.”

“செரிங் சார்” என்றார் நஞ்சுண்டர்.

பிரதாப்பின் பாட்டில்களில் சிவப்பு நாடா சுற்றி, அவனே பேனாவால் தன் பெயரின் முதலெழுத்தை எழுதியிருப்பான். அப்படி ஒரு பாட்டில் நஞ்சுண்டரின் முதுகில் கடைசியாக மிஞ்சியிருந்தது. மேலே மூன்று வளைவு தூரத்தில் பிரதாப் இன்னொரு அணிக்காரனோடு முட்டி மோதிக்கொண்டிருந்தான். நஞ்சுண்டர் அவனை எட்டுவதற்காக உயிரைக் கொடுத்து மிதித்தார்.

வளைவில் ஓர் ஆள் தள்ளாடித் தள்ளாடி ஏறிக்கொண்டிருந்தார். பனியனில் எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை. கழுத்தில் ஒரு நீலத் துணி. அணி இல்லாமல் தனியாகக் கட்டணம் கட்டி ஓட்ட வந்தவர்போல் இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பின்னால் கார் வராது. தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது. அந்த ஆளின் உதடு வெடித்து, கண் செருகிக்கொண்டிருந்தது.

“அண்ணா, ஒரு வாய்” என்றார் அவர்.

தாகம் என்று கேட்டவரைக் கடந்து போய் நஞ்சுண்டருக்குப் பழக்கமில்லை. கை தானாக முதுகுக்குப் போனது. ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பித் தருவார் என்றுதான் நீட்டினார். சாலையில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அந்த ஆளோ அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். பாட்டிலையும் தம் பனியனுக்குள் செருகிக்கொண்டார். நஞ்சுண்டரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அவ்வளவுதான்.

நஞ்சுண்டர் வெறுங்கையோடு பிரதாப்பை எட்டினார். பிரதாப் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினான். நீட்டிய கை அப்படியே இருந்தது.

“அண்ணா, தண்ணி!”

“இல்லீங் தம்பி.”

உச்சிக்குச் சற்று முன்னால் பிரதாப்பின் கால்கள் இழுத்துக்கொண்டன. நான்காவதாக வந்தான். பால் கம்பெனி முதலாளி வேறொருவன் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

நடந்ததை நஞ்சுண்டர் மறைக்காமல் சொன்னார். பிரதாப் அவருடைய பனியனைக் கொத்தாகப் பிடித்தான். “எவனோ ஒருத்தனுக்குக் குடுத்தீங்களா? ஒரு பாட்டிலு தண்ணியில எங்க அத்தன பேரையும் கரைச்சு உட்டுட்டீங்களேண்ணா!”

அவன் சொன்னதில் பொய் இல்லை என்றே நஞ்சுண்டர் நினைத்தார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை. அவர் பொங்கி வைத்ததைச் சாப்பிடாமல் கடைக்குப் போனார்கள். காலையில் கரட்டின்மேல் ஏறிப் போனால் அங்கேயும் கதவு பூட்டிக் கிடந்தது. மகள் பிரசவத்துக்காகப் பண்டாரம் பந்தயத்துக்கு முந்தின நாளே சாவியோடு ஊருக்குப் போயிருந்தார். நஞ்சுண்டர் தினமும் இரண்டு பாட்டில் தண்ணீரையும் வாசற்படியில் ஊற்றிவிட்டு வந்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்று கேட்டார். “குடுத்தது தப்பா சாமி? அத மட்டும் சொல்லு.” பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது. மறுநாளும் தண்ணீர் கொண்டுபோனார்.

வைகாசி பிறந்தது. அணி கலைந்தது. வாடகைக்கு எடுத்த சைக்கிள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாச்சிமுத்து ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். நஞ்சுண்டரிடம் வந்ததும் தலை குனிந்துகொண்டார். ஒருவன் ஓட்டலுக்கு, ஒருவன் திருப்பூருக்கு என்று பிரிந்தார்கள். பிரதாப்புக்கு ஒரு டயர் கடையில் வேலை. நஞ்சுண்டர் வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடும் வேலையில் சேர்ந்துகொண்டார்.

ஊரை விட்டுக் கிளம்புகிற காலையில் பிரதாப்புக்கு மனம் கேட்கவில்லை. கரட்டின்மேல் ஏறினான். பழைய இரும்புச் சைக்கிளோடு நஞ்சுண்டர் வாசலில் நின்றிருந்தார்.

“போயிட்டு வரேனுங்ணா. அன்னைக்குச் சட்டையப் புடிச்சது மனசுக்குச் சங்கட்டமா இருக்குது. ஆனா நீங்க செஞ்சத என்னால மறக்க முடியாது.”

“மறக்காத தம்பி. எனக்கும் முடியல” என்றார் நஞ்சுண்டர்.

அப்போது பண்டாரம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பேரன் பிறந்த சேதியைச் சொல்லிக்கொண்டே பூட்டைத் திறந்தார். உள்ளே போனவர் அதே வேகத்தில் வெளியே வந்தார்.

“ஏனுங் நஞ்சுண்டா, இத யாருங் உள்ள வெச்சது? சாவி என்ற இடுப்பை உட்டு எறங்கவே இல்லீங்களே!”

கரட்டீசரின் பக்கத்தில் ஒரு பாட்டில் இருந்தது. சிவப்பு நாடா சுற்றியிருந்தது. பிரதாப் குனிந்து பார்த்தான். அவன் கையெழுத்து. மூடியைத் திறந்தான். காலி, ஒரு சொட்டு இல்லை. இத்தனை நாள் நீர் படாத லிங்கத்தின் மேனி மட்டும் உச்சி முதல் அடிவரை நனைந்திருந்தது.

“அண்ணா, இது அந்தப் பாட்டில்” என்றான் பிரதாப். நஞ்சுண்டரின் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

நஞ்சுண்டர் அழுதார். அணி திரும்பி வரவில்லை. பம்பு கம்பெனியும் பால் கம்பெனியும் மனம் மாறவில்லை. பிரதாப் அன்று மாலையே டயர் கடைக்குப் போனான். ஆனால் போகுமுன், நஞ்சுண்டர் கொண்டுவந்த இரண்டு பாட்டிலில் ஒன்றைக் கேட்டு வாங்கித் தன் கையாலேயே பண்டாரத்திடம் கொடுத்துவிட்டுப் போனான்.

மற்றொன்றை நஞ்சுண்டர் கொடுத்தார். பிறகு கேன்களை ஏற்றக் கீழே இறங்கிப் போனார். கேட்டவர் யாரென்று கேளாமல் கொடுத்த அந்தக் கையை நாமும் வணங்குவோம்.