மூன்று முறை எழுந்த பூங்கோதை டீச்சர்

தலைமையாசிரியர் ஞானசிகாமணிக்கு வாய் உண்டு, காது கிடையாது என்று ஆசிரியர்களே சொல்வார்கள். அன்று கூட்டத்தில் மேசையைத் தட்டினார்.

"பத்தாம் வகுப்புல பாதிப்பேர் ஃபெயில். இதுக்கு வழி சொல்லாம யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது!"

எல்லோரும் தலைகுனிந்திருந்தார்கள். தற்காலிக ஆசிரியை பூங்கோதை எழுந்தாள்.

"சார், ஃபெயிலான பிள்ளைங்களை..."

"உளறாதீங்க, உட்காருங்க!"

உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"சார், ஃபெயிலான பிள்ளைங்களை..."

"அதெல்லாம் நடக்காது!"

மூன்றாம் முறையும் எழுந்து அதையே ஆரம்பித்தாள்.

அவர் கத்தினார். "முழுசாச் சொல்லித் தொலைங்கம்மா!"

"இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சார் நாங்க எல்லாரும் காத்திருக்கோம்."

ஞானசிகாமணியின் முகம் சிவந்தது. சுற்றிலும் பார்த்தார். யாரும் அவளை மறுக்கவில்லை. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றார்.

அவள் சொல்லி முடித்ததும், வருடக்கணக்காக வாய் திறக்காத கணக்கு வாத்தியார் எழுந்தார்.

"சார், நானும் ஒண்ணு சொல்லலாமா?"