கண்ணாடிக்குள் மூச்சு விடுகிறவர்

"எல்லாத்தையும் அதுக்குள்ள வச்சேன். எதை விட்டேன், ரெஜினா?"

பேராசிரியர் குலசேகரன் வாசலில் நின்றபடியே கேட்டார். மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பிணவறைக்கு அடுத்த அறை அது. அரசு மருத்துவமனையின் பழுதான கருவிகளெல்லாம் அங்கே வந்து சேரும். அவற்றைச் சரிசெய்கிறவள் ரெஜினா. பத்து வருடங்களுக்கு முன் அவரிடம் உயிர்மருத்துவப் பொறியியல் படித்தவள். அவர் பாடத்திலேயே இரண்டு முறை அரியர் வைத்தவள்.

"இதுல உக்காருங்க சார். அந்த ஸ்டூல் ஆடும்."

அவர் உட்காரவில்லை.

"ஹரிப்பிரியா அந்த வி.ஆர். கண்ணாடித் தேர்வுல நூத்துக்கு நூறு. என் சர்வீஸ்ல இன்னொருத்தர் வாங்கினதில்லை."

"தெரியும் சார்."

மூன்று வாரங்களுக்கு முன், பயிற்சிக்கு வந்திருந்த அவர் மாணவி ஹரிப்பிரியா தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றிருந்தாள். சுருளி என்ற சமையல்காரரின் வென்டிலேட்டர் அலறியது. நர்ஸ் கோடிப் படுக்கை நோயாளியிடம் இருந்தார்.

அவள் முதலில் அலாரத்தை நிறுத்தினாள். குழாயைக் கழற்றினாள். ஈரம் அடைத்திருந்த ஃபில்டரை எடுத்தாள். புதியதைப் பொருத்திக் குழாயைத் திரும்ப மாட்டினாள். நான்கு நிமிடம். வார்டைக் கண்முன் அப்படியே காட்டும், குலசேகரன் உருவாக்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்பது முறை பழகிய வேலை.

வென்டிலேட்டர் சீராக ஓடியது. சுருளி போய்விட்டிருந்தார்.

"பழைய ஃபில்டரை அவ கையிலிருந்து நான்தான் வாங்கினேன்" என்றாள் ரெஜினா. "விடவே மாட்டேன்னுட்டா."

"இப்ப அறையை விட்டே வர்றதில்ல. ஒரு படியும் தப்பா செய்யலையே சார்னு அதையேதான் சொல்றா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். விசாரணைக் குழுவுக்குத் தரவேண்டியது. தவறுக்குப் பொறுப்பு என்ற இடத்தில் ஹரிப்பிரியாவின் பெயர் இருந்தது, அவரே எழுதியது.

"இன்னும் கையெழுத்துப் போடல. போட்டா அவ படிப்பு முடிஞ்சுது."

"பேரை எழுதியாச்சு. அப்புறம் என்கிட்ட எதுக்கு சார் வந்தீங்க?"

"தூக்கம் வரல."

ரெஜினா ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"கண்ணாடி கொண்டாந்திருக்கீங்களா?"

கொண்டுவந்திருந்தார். லேப்டாப்பைத் திறந்து மேசையில் வைத்தார். கண்ணாடியை மாட்டியவர் காண்பதெல்லாம் அதன் திரையிலும் தெரியும். ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினாள். அதனோடு வந்த இரண்டு கைப்பிடிகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அட, நம்ம வார்டா இது? ஒரு பூனையைக் கூட காணோம்!"

"கேலி பண்ணாதே."

"அலாரம் அடிக்குது சார்."

"நிறுத்து. அதுக்கு அஞ்சு மார்க்."

நிறுத்தினாள். தலையை இடமும் வலமும் திருப்பித் தேடினாள்.

"அம்பு பேக் எங்க சார்?"

"எது?"

"குழாயைக் கழட்டினா, இவருக்குக் கையால அமுக்கி மூச்சு குடுக்கிற பை. தலைமாட்டுலதான் தொங்கும்."

"அது நர்ஸ் வேலை. நம்ம பாடத்துல இல்ல. நீ மெஷினைப் பாரு."

"சரி சார்."

குழாயைக் கழற்றினாள்.

பிறகு கைப்பிடிகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு போயிற்று.

"ஃபில்டரை எடு."

அவள் அசையவில்லை.

"அடுத்த படி மறந்துபோச்சா? இன்னும் அந்த அரியர் புத்தி போகலையே உனக்கு."

"காத்திருக்கேன் சார்."

"எதுக்கு?"

"இவர் சாகறதுக்கு."

குலசேகரன் திரையைப் பார்த்தார்.

கழன்ற குழாய் கட்டில் ஓரத்தில் தொங்கியது. படுத்திருந்தவரின் மேல் போர்த்திய துணி எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது. அந்தத் துணியின் மடிப்புகள் இயல்பாக வரவேண்டும் என்று ஒரு மாதம் திரும்பத் திரும்ப வரைய வைத்திருந்தார்.

அந்த நாட்களில்தான் மென்பொருளை எழுதியவர் கேட்டிருந்தார்: "குழாய் கழண்டதும் மார்பு ஏறி இறங்கறது நின்னுபோகணுமா சார்?"

வேண்டாம், பிள்ளைகளுக்குக் கவனம் சிதறும் என்று சொன்னவர் குலசேகரன். சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை மாற்றித் தரச் சொன்னது கூட நினைவுக்கு வந்தது.

நான்கு நிமிடம் ஆயிற்று. திரையில் துணி எழுந்து தாழ்ந்தது.

ஐந்து. ஆறு.

அவர் அந்த ஆடுகிற ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். காகிதத்தைத் தொடையில் விரித்துப் பெயரை அடித்தார். மேலே வேறொரு பெயரை எழுதினார். கீழே அதே பெயரில் கையெழுத்துப் போட்டார். ஸ்டூல் ஆடியதில் எழுத்துகள் கோணின.

"போதும்மா" என்றார். "கழட்டிடு."

ரெஜினா அவர் பக்கம் திரும்பவில்லை.

"இன்னும் மூச்சு விடறார் சார்."