கண்ணை மூடிக்கொண்டு உருண்ட அழுங்கு

பாறைமேட்டுக் காட்டில் ஓர் அழுங்கும் ஒரு காட்டுப்பன்றியும் நண்பர்களாக இருந்தார்கள்.

அழுங்கின் பெயர் செதிலன். எறும்பும் கரையானும்தான் அவனுக்குச் சாப்பாடு. உடம்பு முழுக்க ஓடு வேய்ந்ததுபோலச் செதில். ஆபத்து வந்தால் தலையை வயிற்றுக்குள் நுழைத்து, வாலைச் சுற்றிப் போர்த்து, பந்தாகிவிடுவான். காட்டுப்பன்றியின் பெயர் மூக்கையன். அந்த மூக்கைப் பார்த்த யாரும் அவனுக்கு வேறு பெயர் வைத்திருக்க மாட்டார்கள்.

இருவரையும் சேர்த்துவைத்தது வயிறுதான். உளுத்துப்போன மரத்தை மூக்கையன் புரட்டிப் போடுவான். அடியிலிருக்கும் எறும்பெல்லாம் செதிலனுக்கு. கெட்டித் தரையைச் செதிலன் நகத்தால் தோண்டுவான். கிடைக்கிற கிழங்கெல்லாம் மூக்கையனுக்கு.

செதிலனிடம் ஒரு பழக்கம் உண்டு. தன்னைத் தானே கேலி செய்துகொள்வான். பிறர் சிரிப்பதற்குள் தானே சிரித்துவிட்டால் வலிக்காது என்பது அவன் எண்ணம். அவன் நடை அப்படி! முன்னங்கால் இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பின்னங்காலால் தத்தித் தத்திப் போவான்.

"மழைக்காலத்தில் நான் குளத்துக்குக் கிளம்பினால் கோடையில்தான் போய்ச் சேருவேன். அதற்குள் தண்ணீர் வற்றியிருக்கும்!" என்று அவனே சொல்வான். மூக்கையன் உறுமி உறுமிச் சிரிப்பான்.

மேட்டிலிருந்து குளத்துக்கு ஓர் இறக்கப் பாதை இருந்தது. காட்டுக்கே அதுதான் பெரிய தெரு. சாயங்காலம் ஆனால் எல்லோரும் அதில்தான் தண்ணீருக்கு இறங்குவார்கள். மான்கள் குட்டிகளோடு வரும். முயல் கூட்டம் வரும். ஆமை கிளம்பி வெகுநேரம் ஆகியும் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு நாள் செதிலன் மேட்டின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். தலைக்கு மேலே கழுகின் நிழல் ஒன்று கடந்தது. பயத்தில் அங்கேயே பந்தானான். விளிம்பில் பந்து நிற்குமா? உருண்டது!

கடகடவென்று உருண்டு, பாதை முழுவதையும் கடந்து, குளத்துச் சேற்றில் தொப்பென்று விழுந்தான். மூக்கையன் அலறிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான்.

"டேய் செதிலா! உயிரோடு இருக்கிறாயா?"

"இருக்கிறேன் போலிருக்கிறது. என் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லடா!"

அப்போது பாதையோர நாவல் மரத்தில் பலத்த கைதட்டல் கேட்டது. குரங்குக் கூட்டம்! அவர்களின் தலைவன் சவடாலன் கிளையில் எழுந்து நின்று கத்தினான்.

"ஆகா! என்ன வேகம், என்ன வேகம்! மூக்கையன் நாக்குத் தள்ளிக்கொண்டு பின்னால் வருகிறான் பாருங்கள்! இந்தக் காட்டிலேயே வேகமானவன் செதிலன்தான்!"

பிறந்த நாள் முதல் செதிலனை யாரும் வேகமானவன் என்று சொன்னதில்லை. 'நீ பயந்துபோய் விழுந்தாய். விழுவதற்குப் பெயர் வேகம் இல்லை' என்று அவனுக்குள் ஒரு குரல் சொன்னது. அவனுடைய பழைய கேலிக்குரல்தான். வழக்கமாக அதை வெளியே சொல்லிச் சிரித்திருப்பான். அன்று மென்று விழுங்கிவிட்டான்.

மறுநாளும் விளிம்புக்குப் போனான். இந்த முறை வேண்டுமென்றே உருண்டான். அதற்கடுத்த நாளும் உருண்டான். குரங்குகள் கூவக் கூவ, தினமும் உருண்டான். முயல்கள் அலறி ஒதுங்கின. ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு, "இனி நான் புதர் வழியாகவே போகிறேன்" என்று முணுமுணுத்தது. செதிலனுக்கு எதுவும் கேட்கவில்லை. கைதட்டல் மட்டும் நன்றாகக் கேட்டது.

ஒரு நாள் சவடாலன் பன்றியைச் சீண்டினான்.

"மூக்கையா, கால் நாலு இருந்தும் காலே இல்லாமல் வருகிறவனிடம் தோற்கிறாயே! வெட்கமாக இல்லை?"

மூக்கையனுக்குச் சுருக்கென்றது. "நான் அவனோடு போட்டி போட்டு ஓடியதே இல்லையே! அவனுக்கு என்ன ஆகுமோ என்றுதான் பின்னால் ஓடினேன்."

"அப்படியானால் போட்டி போட்டுக் காட்டு!"

மூக்கையன் நண்பனைத் திரும்பிப் பார்த்தான். 'இதெல்லாம் எதற்கு?' என்று செதிலன் சொல்வான் என எதிர்பார்த்தான். செதிலனோ நெஞ்சை நிமிர்த்தினான். நெஞ்சு நிமிர்ந்ததும் பின்பக்கமாகச் சாய்ந்து விழப் பார்த்தான்.

"பயமாக இருந்தால் வேண்டாம், மூக்கையா!" என்றான்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. "யாருக்குப் பயம்? ஓடலாம்! ஆனால் உச்சி வெயிலில் ஓடலாம். அப்போது பாதையில் யாரும் இருக்க மாட்டார்கள்."

"யாரும் இல்லாவிட்டால் யார் பார்ப்பது? சாயங்காலம்தான் ஓட வேண்டும்!"

பாதையின் வளைவில் ஓர் ஆள்காட்டிப் பறவை வெறுந்தரையில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். பந்தயச் செய்தி அவள் காதுக்கும் வந்தது. விடுவிடுவென்று செதிலனிடம் வந்தாள்.

"செதிலா, என் முட்டைகள் வளைவின் ஓரத்தில் இருக்கின்றன. குஞ்சு பொரிக்கும் நேரம். இப்போது இடம் மாற்ற முடியாது. வேறு பக்கமாகப் போய் உங்கள் பந்தயத்தை வைத்துக்கொள்ளுங்கள்."

"கவலைப்படாதே அக்கா! நான் நடுப்பாதையிலேயே போவேன்."

"உருளும்போது உனக்குக் கண் தெரியுமா?"

"தெரியாது. தலைதான் வயிற்றுக்குள் இருக்குமே!"

"பிறகு நடுப்பாதை எது என்று எப்படித் தெரியும்?"

"பாதை எனக்கு மனப்பாடம், அக்கா!"

"பாதைக்கு நீ மனப்பாடமா?" என்று கேட்டுவிட்டு அவள் கூட்டுக்குத் திரும்பினாள்.

செதிலன் சிரித்தான். 'அவள் கேட்டது நியாயம்தானே? பதில் தெரியாதபோது சிரிக்கிறாய். அது உன் பழைய தந்திரம்' என்று உள்குரல் சொன்னது. அதையும் அவன் விழுங்கிவிட்டான். அந்த வாரம் அவன் எறும்பைவிடத் தன் சொந்தப் புத்தியைத்தான் அதிகம் விழுங்கினான்.

பந்தய நாளின் சாயங்காலம் வந்தது. முந்தைய இரவு மழை பெய்து பாதை அங்கங்கே அரித்துப்போயிருந்தது. மூக்கையன் முகர்ந்து பார்த்தான்.

"செதிலா, இங்கே புதிதாகப் பள்ளம் விழுந்திருக்கிறதடா. நாளைக்கு வைத்துக்கொள்வோமா?"

"தோற்கப் போகிறவன் சொல்கிற பேச்சு!"

மூக்கையன் போய் விளிம்பில் நின்றான். அவனுக்கும் ரோஷம் ஏறியிருந்தது.

சவடாலன் கொம்பொன்றை முறித்துக் கீழே போட்டான். "ஓடுங்கள்!"

செதிலன் பந்தானான். உருண்டான்!

உள்ளே ஒரே இருட்டு. தன் வயிற்றின் சத்தம்தான் காதருகில் கேட்டது. வெளியே யாரோ கூவுவதும், குளம்புச் சத்தமும் தூரத்தில் கேட்டன. 'மூக்கையன் பின்தங்கிவிட்டான்!' என்று மகிழ்ந்தான். காடே தன்னைத் தோளில் தூக்கிவைத்து ஆடுவதுபோல மனக்கண்ணில் கண்டான். மனக்கண் ஒன்றுதான் அப்போது திறந்திருந்தது.

திடீரென்று பள்ளம் ஒன்று அவனைத் தூக்கி எறிந்தது. தரையில் விழுந்த பந்து நடுப்பாதையை விட்டு ஓரம் நோக்கித் திரும்பியது. நேராக வளைவுக்கு! நேராக ஆள்காட்டியின் முட்டைகளுக்கு!

அவள் சிறகை விரித்து முட்டைகளுக்கு முன்னால் நின்றாள். "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினாள். பறந்து தப்பியிருக்கலாம். அவள் அசையவில்லை.

மூக்கையன் அதைப் பார்த்தான். அவன் பின்தங்கவில்லை. உண்மையில் நாலு பாய்ச்சல் முன்னால் இருந்தான். இன்னும் சற்று ஓடினால் குளம், வெற்றி. அவன் கால்களை ஊன்றி, உடம்பைக் குறுக்கே திருப்பி, பந்துக்கும் பறவைக்கும் நடுவில் பாய்ந்தான்.

தடால்!

இருவரும் மோதி, புரண்டு, உண்ணிச்செடிப் புதருக்குள் போய் விழுந்தார்கள்.

எங்கும் அமைதி. கைதட்டல் இல்லை. செதிலனுக்கு அந்த அமைதி மிகவும் பிடித்திருந்தது. எல்லோரும் வாயடைத்து நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். சுருண்டபடியே, வயிற்றுக்குள்ளிருந்து உரக்கக் கேட்டான்.

"நான் ஜெயித்துவிட்டேனா?"

பக்கத்தில் முனகல் ஒன்று கேட்டது.

செதிலன் மெல்லப் பிரிந்து தலையை நீட்டினான். மூக்கையன் பக்கவாட்டில் கிடந்தான். முன்னங்கால் ஒன்று மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. விலாவெல்லாம் செதில் கீறிய ரத்தம்.

"மூக்கையா! டேய்! என்னடா ஆயிற்று?"

மூக்கையன் பல்லைக் கடித்துக்கொண்டு, "முட்டை... உடையவில்லையே?" என்று மட்டும் கேட்டான்.

"ஒன்றும் ஆகவில்லை" என்றாள் ஆள்காட்டி.

செதிலன் நாவல் மரத்தைப் பார்த்துக் கத்தினான். "சவடாலா! இறங்கி வாருங்கள்! இவனைத் தூக்க வேண்டும்!"

"நாங்களா உருளச் சொன்னோம்? நாங்கள் கைதான் தட்டினோம்!" என்றான் சவடாலன். கிளைகள் சலசலத்தன. மரம் காலியாகிவிட்டது.

அருகில் ஒரு பாறை இடுக்கு இருந்தது. மூக்கையன் மூன்று காலால் இழுத்துக்கொண்டு நடந்தான். செதிலன் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்துத் தள்ளினான். எப்படியோ உள்ளே போய்ப் படுத்த மூக்கையன், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அன்றிலிருந்து செதிலன் கிழங்கு தோண்டி எடுத்து வந்தான். ஒவ்வொரு கிழங்காக, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தத்தித் தத்தி வந்தான். மூக்கையன் தின்றான். பேச்சு மட்டும் இல்லை. செதிலனுக்குக் கேலிப் பேச்சு ஒன்றும் வரவில்லை. வாசலில் உட்கார்ந்து தன் வாலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

சில நாள் கழித்து, மத்தியான வேளையில், ஆள்காட்டி வானத்தில் வட்டமிட்டுக் கத்தினாள். "செந்நாய்! செந்நாய்!"

இரண்டு செந்நாய்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு பாறைக்கு வந்துவிட்டன.

"உள்ளே நொண்டிப் பன்றி ஒன்று இருக்கிறதாமே!" என்றது முன்னால் வந்தது. "வழியை விடு, எறும்புத்தின்னி. உன்னிடம் எங்களுக்கு வேலையில்லை."

'ஓடு!' என்றது பயம். 'யார், நீயா? உன் நடைக்கு அவர்கள் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்து உன்னைப் பிடிக்கலாம்!' என்றது உள்குரல். பல நாளுக்குப் பிறகு அதைக் கேட்டபோது, அந்த நிலையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"வழியை விட முடியாது" என்றான். "நான் இப்போதுதான் வசதியாக உட்கார்ந்தேன்."

இடுக்கின் வாசலில் பந்தானான். முதுகை ஒரு பாறையிலும் வாலை மறு பாறையிலும் அழுத்திக்கொண்டான். ஒரு செந்நாய் கடித்தது. செதில் உதட்டைக் கிழித்தது. மற்றொன்று காலால் உருட்டிப் பார்த்தது. உருளவில்லை! கடித்தன, இழுத்தன, பிறாண்டின. வால் நுனியில் செதில் இரண்டு பெயர்ந்து போயிற்று. உயிர் போகிற வலி. அவன் அசையவில்லை.

மேலே ஆள்காட்டி காடு முழுக்கக் கேட்கும்படி அலறிக்கொண்டே இருந்தாள்.

"இவள் கத்துகிற கத்தலில் இனி இந்தப் பக்கம் முயல்கூட வராது. வா, போகலாம்" என்றது ஒரு செந்நாய், ரத்தம் ஒழுகும் உதட்டை நக்கிக்கொண்டே. இரண்டும் போய்விட்டன.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டேய்... போய்விட்டார்களா?"

மூக்கையன் அவனிடம் பேசிவிட்டான்! செதிலன் அவசரமாகத் தலையை நீட்டினான். நீட்டிய வேகத்தில் பாறையில் இடித்துக்கொண்டான்.

"மூக்கையா, உன் காலை நான்தான் உடைத்தேன். நான் வேகமானவன் என்று நாலு குரங்கு சொன்னது. நானும் நம்பிவிட்டேன். கரையானுக்குக்கூட என்னைவிட மூளை அதிகம். தின்கிற எனக்குத் தெரியாதா!"

மூக்கையன் உறுமினான். அது பாதிச் சிரிப்பு. "நானும்தானே ஒத்துக்கொண்டேன்? பள்ளம் இருப்பது தெரிந்தும் ஓடினேன். தப்பில் எனக்கும் பங்கு உண்டு. எல்லாவற்றையும் நீயே தின்றுவிடாதே."

கால் கூடியது. ஆனால் கோணலாகக் கூடியது. மூக்கையனால் பழையபடி ஓட முடியவில்லை. மரத்தைப் புரட்ட இப்போது இருவரும் சேர்ந்து முட்ட வேண்டியிருந்தது. வலி வரும் நாளில் மூக்கையன் எரிந்து விழுவான். செதிலன் பேசாமல் கேட்டுக்கொள்வான். ஆள்காட்டியின் குஞ்சுகள் பாதையோரம் ஓடித் திரிந்தன.

ஒரு சாயங்காலம் இருவரும் தண்ணீருக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நாவல் மரத்திலிருந்து சவடாலன் கூப்பிட்டான்.

"வேகப்புலியே! இன்றைக்கு ஒரே ஒரு தடவை உருண்டு காட்டேன்! கூட்டம் காத்திருக்கிறது!"

செதிலன் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"வண்டி நல்ல வண்டிதான், சவடாலா. ஓட்டுகிறவனுக்குத்தான் கண் தெரியாது!"

மூக்கையன் சிரித்த சிரிப்பில் குளத்துக் கொக்குகள் எழும்பிப் பறந்தன. எதிரே ஆமை வந்தது. இருவரும் ஓரமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்கள். அது கடந்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார்கள்.

பாதை எல்லோருக்கும் பொதுவானது. நாலு பேர் கைதட்டலுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு அதில் பறக்கிறவன், முதலில் உடைப்பது தன்மேல் அன்பு வைத்தவர்களைத்தான்.