திறக்கும்போதெல்லாம் சொன்னது

பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடக்கிற ஒரு வகுப்பு இருந்தது. நூலகத்து மாடிதான் இடம். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸைக் கற்றுக்கொள்ள யார் வேண்டுமானாலும் வரலாம். சொல்லித் தருகிறவள் ஹபீபா. அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் டீச்சர்தான்.

அங்கே ஒரு வழக்கம். ‘வேலை செய்யல’ என்று யாரும் சொல்லக் கூடாது. கம்ப்யூட்டர் என்ன சொன்னதோ அதைச் சொல்ல வேண்டும். டீச்சரும் அடுத்தவர் கீபோர்டைத் தொடமாட்டாள்.

அன்று தேவசகாயம் ஒரு பழைய லேப்டாப்போடு வந்தார். கூடவே தங்கை ரெஜினா. அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. கைகளால் பேசுகிறவள்.

“வைஃபை வேலை செய்யல டீச்சர்.”

பின்வரிசையில் சிரித்தார்கள். “அண்ணாச்சி போன வாரமும் இதைத்தான் சொன்னாக.”

“என்ன சொல்லுச்சு அண்ணாச்சி?” என்றாள் ஹபீபா.

“ஒண்ணும் சொல்லல. ஏதோ டிரைவர் பிரச்சினை போல.”

“போலயா?”

அவர் தலையைச் சொறிந்தார்.

“நெட்டுல ஒருத்தன் சொன்னதைப் போட்டேன். இன்னொருத்தன் அது தப்புன்னான். அவன் சொன்னதையும் போட்டேன். இருந்த லினக்ஸை அழிச்சிட்டு வேற லினக்ஸ் போட்டும் பாத்துட்டேன். உள்ள இருக்கிற வைஃபை கார்டுதான் செத்துப்போச்சு.”

“எதுக்கு இவ்வளவு பாடு?”

“இவளுக்குத்தான். கூடப் படிச்ச பிள்ளை ஈரோட்டுல இருக்கா. வீடியோவுல பேசுவாளுக. போனை ஒரு கையில பிடிச்சா, பேசுறதுக்கு ஒரு கைதான மிஞ்சுது? சாய்ச்சு வச்சா முகம் தெரியும், கை தெரியாது. பாதிப் பேச்சோட போனை வச்சிருதா. இன்னிக்கு அந்தப் பிள்ளைக்குப் பிறந்தநாள். மதியம் கூப்பிடணும்னு எழுதிக் காட்டினா.”

ஹபீபா லேப்டாப்பைக் காட்டினாள்.

“இத்தனை பேர்கிட்ட கேட்டீங்க. அதுகிட்ட கேட்டீங்களா?”

ஒரு கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அவர் அடித்தார். திரை முழுக்க வரிகள் ஓடி நின்றன.

“என்னது இது?”

“ஆன் பண்ணும்போது அது சொன்னதெல்லாம்.”

“எப்ப சொல்லுச்சு?”

“ஒவ்வொரு தடவையும்.”

தேவசகாயம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வரி வரியாக விரலை இறக்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

“வைஃபை கார்டை இயக்குற ஃபர்ம்வேர் ஃபைலைத் தேடினேன், கிடைக்கலன்னு போட்டிருக்கு. அந்த ஃபைல் பேரும் இருக்கு.” அவர் குரல் தணிந்தது. “பேரோட சொல்லியிருக்கு டீச்சர்.”

“கார்டு?”

“நல்லாத்தான் இருக்கு. இந்த ஒண்ணைத்தான் கேட்டுட்டு இருந்திருக்கு.”

பக்கத்துக் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலை இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து, ஹபீபா சொன்ன இடத்தில் வைத்தார். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டார். திரையில் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன. கீழே இருக்கும் டீக்கடையின் பெயர்கூட இருந்தது. நூலகத்து வைஃபையில் இணைத்தார்.

ரெஜினா லேப்டாப்பை மேசையில் தள்ளி வைத்து உட்கார்ந்தாள். ஈரோட்டுத் தோழியின் முகம் வந்தது. இரண்டு கைகளும் எழுந்தன.

தங்கை இவ்வளவு வேகமாகப் பேசுவாள் என்று தேவசகாயத்துக்குத் தெரியாது. விரல், புருவம், தோள் எல்லாம் பேசின. அந்தப் பக்கம் தோழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நடுவில் ரெஜினா அண்ணன் பக்கம் திரும்பினாள். கைகளால் ஏதோ சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவர் வழக்கம்போலப் புன்னகைத்துத் தலையாட்டினார். அவள் திரைக்குத் திரும்பிவிட்டாள்.

“என்ன சொன்னாங்க அண்ணாச்சி?” என்றாள் ஹபீபா.

“சந்தோஷமா இருக்குன்னு சொல்லுதா போல...”

அந்தக் கடைசிச் சொல்லில் அவரே நின்றுவிட்டார். பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

“முக்கியமானதுன்னா எழுதிக் காட்டுவா டீச்சர். மத்ததுக்கு நான் தலையை ஆட்டிருவேன். சின்னப் பிள்ளையில இருந்து அப்படியே பழகிட்டு.”

தங்கையின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

“இந்தக் கைப்பேச்சை எங்க போய்ப் படிக்கலாம்? நெட்டுல நல்ல கோர்ஸ் ஏதும் இருக்கா?”

ஹபீபா ஒரு நாற்காலியை இழுத்து ரெஜினாவின் பக்கத்தில் போட்டாள்.

“இங்க உக்காருங்க அண்ணாச்சி. இவங்க இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க.”