எண்ணெய்க் குட்டைக்கு விருந்துக்குப் போன நுண்ணி

அந்தக் காலத்தில் மாடும் தவளையும் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் வாய் திறந்து பேசின. அவற்றில் நுண்ணி என்று ஒருத்தி இருந்தாள். பழைய சோறு, அழுகிய வாழைத்தண்டு, செத்த புழு, எதுவானாலும் தின்பாள். அதனால் எந்த வீட்டிலும் அவளை அண்டவிடவில்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டவர் கொளஞ்சி. அவர் மனைவி அஞ்சலை கட்டிக்கொடுத்த குழம்புச்சோறு மூன்று நாளாக மதியத்துக்குள் ஊசிப்போயிற்று. நான்காம் நாள் தூக்குவாளிக்குள் குனிந்து, யார் அது என்று கேட்டார். நுண்ணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான்தான் என்று ஒப்புக்கொண்டாள்.

கொளஞ்சி திட்டவில்லை. அவருக்கு அதைவிடப் பெரிய கவலை இருந்தது. சுரங்கத்து இயந்திரங்கள் ஒழுகவிட்ட டீசலும் கிரீஸும் கலந்த தண்ணீர் ஒரு குட்டையில் தேங்கி, மயில்கழுத்து நிறத்தில் மினுமினுத்தது. தவளைகள் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்துவிட்டன. மழை பிடித்துக்கொண்டால் குட்டையின் கரை உடைந்து அத்தனையும் ஏரிக்குள் பாயும். அந்த ஏரியை நம்பித்தான் ஊரே இருந்தது.

"எதையும் தின்பாய் அல்லவா? அந்த எண்ணெயைத் தின்பாயா?" என்று கேட்டார்.

நுண்ணி அதுவரை எண்ணெயைத் தொட்டதே இல்லை. ஆனால் அவளை யாரும் சாப்பிடக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தலை என்று தனியாக இல்லாததால் உடம்பையே ஆட்டிச் சரி என்றாள்.

கொளஞ்சி தூக்குவாளியைக் குட்டையில் அலசி அவளை இறக்கிவிட்டார். முதல் வாய் குமட்டியது. இரண்டாவது வாயைக் கண்ணை மூடிக்கொள்வதாக நினைத்து விழுங்கினாள். மூன்றாவதில் ருசி பிடித்துவிட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்ட, கரையோரம் வந்து முறையிட்டாள்.

"வெறும் எண்ணெயை எப்படி அண்ணே தின்பது? தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டாமா? மூச்சுவிடக் காற்றாவது வேண்டாமா?"

கொளஞ்சி வயலுக்கு வைத்திருந்த யூரியாவில் இரண்டு கைப்பிடி தூவினார். மோட்டார்க் குழாயைத் திருப்பி, குட்டைத் தண்ணீரையே உயரப் பீய்ச்சி, காற்றோடு கலந்து விழும்படி செய்தார்.

பிறகு கேட்கவேண்டுமா? நுண்ணி தின்று பருத்து, நடுவில் பிளந்து இருவரானாள். இருவர் நால்வரானார்கள். பொழுது சாய்வதற்குள் குட்டை முழுக்க நுண்ணிகள். ஒவ்வொருத்தியும் தான்தான் மூத்தவள் என்று சண்டைக்கு நின்றாள். சண்டை போட்டுக்கொண்டே தின்றார்கள்.

ஒரு மாதம் கழித்து மழை கொட்டியது. கரை உடைந்து தண்ணீர் ஏரிக்குப் பாய்ந்தது. கொளஞ்சி பதறியடித்து ஓடி, ஒரு கை அள்ளி முகர்ந்தார். சேற்று வாசனைதான் வந்தது. அவருடைய எருமை, அவரைக் கேட்காமலே இறங்கிப் படுத்துக்கொண்டு, இனி சாயங்காலம்தான் எழுந்திருப்பேன் என்றது.

அஞ்சலைக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. கொழுக்கட்டை அவித்து எடுத்துவந்து, ஏரிக்கரைச் சேற்றில் இருந்த நுண்ணிகளுக்கு வைத்தாள். மூத்தவள் என்று சொல்லிக்கொண்ட ஒருத்தி ஆசையாகக் கடித்தாள். விழுங்க முடியவில்லை.

"கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணி. சப்பென்று இருக்கிறது" என்றவள், கொளஞ்சியிடம் கவலையோடு கேட்டாள்: "அடுத்த எண்ணெய் எங்கே சிந்தும், அண்ணே?"

மனிதர்களை நன்றாக அறிந்தவர் கொளஞ்சி. அதற்கு ஒரு நாளும் பஞ்சம் வராது, மண்ணுக்குள் போய்க் காத்திருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

எண்ணெய் சிந்திய மண்ணிலும் நீரிலும் அந்தக் கிருமிகள் திமுதிமுவெனப் பெருகுவதும், எண்ணெய் தீர்ந்ததும் இருக்கும் இடம் தெரியாமல் அடங்கிப்போவதும் அன்று முதல்தான்.