மூன்று வருஷம் கழித்து வந்த ஞாபகம்

அவல் மில் முதலாளி கோமதிநாயகம் பெரிய மனுஷர். மில் உருளை மாடத்தியின் இரண்டு விரல்களைத் தின்றபோது, "கவனமில்லாம வேலை பாத்தா, அவ தப்பு" என்று கீழ்க்கோர்ட்டில் மூன்று வருஷம் சாதித்தார். தோற்றார். நஷ்டஈடு கொடுக்கச் சொன்னதும் மானமே போய்விட்டதாம். ஐகோர்ட்டுக்கு அப்பீல் போனார்.

அங்கே அவருடைய மெட்ராஸ் வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, புத்தம்புதிதாக ஒன்றை எடுத்துவிட்டார்: "இந்த அம்மாள் எங்கள் மில் தொழிலாளியே இல்லை!"

"மூணு வருஷமா இது ஞாபகம் வரலையா?" என்றார் நீதிபதி. "கீழே சொல்லாததை இங்கே எப்படிக் கேட்பது?"

அதற்கும் வக்கீல் அரைமணி நேரம் பேசினார். மாடத்திக்கு வக்கீல் கிடையாது. மிச்ச எட்டு விரலோடு இன்னும் அதே மில்லில் அவல் சலிக்கிறவள், மெல்ல எழுந்து கும்பிட்டாள்.

"கேட்டுக்கிடுங்க ஐயா. பெரியவுக லேட்டா சொன்னாலும் நெசந்தான சொல்லுவாக? நான் அவுக ஆளே இல்லன்னா நல்லதாப் போச்சு. எதுத்த மில்லுல சலிக்க ஆள் கேக்காக. நாளைக்கே போயிருதேன்."

பின்வரிசையில் கோமதிநாயகம் துள்ளி எழுந்தார்.

"ஏட்டி! சரஸ்வதி பூசை ஆர்டர் மலையாக் கெடக்கு. ஒரு மாசம் முன்னால சொல்லாம எப்படிட்டி வேலைய விட்டுப் போவே?"

வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். நீதிபதி பேனாவைத் திறந்தார்.

"வக்கீல் சார், உங்க கட்சிக்காரர் இப்போ சொன்னதும் கீழ்க்கோர்ட்டில் சொல்லாத புது விஷயம்தான். ஆனால் இதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன்."